கடலுக்குப் போகிறவர்கள் திரும்பும் பஸ்ஸை முதலில் பார்க்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை விடுமுறை வந்தால் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: “கடலுக்குப் போவமா?” வாகனம் உள்ள வீட்டில் அது ஒரு நாள் ஏற்பாடு. வாகனம் இல்லாத வீட்டில் ஆரோடு சேர்ந்து வான் பிடிக்கலாம், ஆளுக்கு எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, கடைசியில் “அடுத்த முறை பாப்பம்” என்று முடிந்துவிடுகிறது. இது வீணான ஏமாற்றம். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக் கடல் இரண்டரை, மூன்று மணி நேர பஸ் பயணம். கிளிநொச்சியிலிருந்து அதைவிடக் குறைவு. வானும் வேண்டாம், மோட்டார் சைக்கிளில் நான்கு பேர் நெருங்கிப் போகவும் வேண்டாம். போகிற ஒழுங்கு தெரிந்தால் பஸ்ஸிலேயே போய், குளித்து, சாப்பிட்டு, பொழுதுபடுமுன் வீடு சேரலாம். ஒழுங்கு தெரியாமல் போகிறவர்கள்தான் இருட்டில் பஸ் நிலையத்தில் நித்திரைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

எல்லோரும் முதலில் விசாரிப்பது, காலையில் பஸ் எத்தனை மணிக்கு என்று. விசாரிக்க வேண்டியது பின்னேரம் அங்கிருந்து வெளிக்கிடும் பஸ்ஸை. வவுனியா–முல்லைத்தீவு பஸ்கள் பெரும்பாலும் கந்தோர் வேலைக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் போய்வருகிறவர்களை நம்பி ஓடுகின்றன. காலையில் அங்கே போக வழி இருக்கும். திரும்பி வருவது அவர்கள் வேலை முடியும் நேரத்தோடு ஒட்டியே இருக்கும். அதற்குப் பிறகு சட்டென்று குறைந்துவிடும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் அந்தப் பயணிகள் இல்லாததால் சில ஓட்டங்கள் இல்லாமலே போகும். நாங்கள் கடலுக்குப் போவதோ அந்த நாட்களில்தான்! ஆகவே போவதற்கு முதல் நாள் பஸ் நிலையத்துக்கு நேரே போய், இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) நேரக் கணிப்பாளரிடம் ஒரு தடவையும் தனியார் பஸ் நடத்துநர் ஒருவரிடம் ஒரு தடவையும் கேட்க வேண்டும். கேட்கும் கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். “முல்லைத்தீவுக்கு பஸ் இருக்கா?” என்றால் “இருக்கு” என்றுதான் பதில் வரும். “நாளைக்கு, சனிக்கிழமை, முல்லைத்தீவிலையிருந்து வவுனியாவுக்குக் கடைசி பஸ் எத்தினை மணிக்கு, அதுக்கு முந்தின பஸ் எத்தினை மணிக்கு?” என்று கேட்க வேண்டும். இரண்டு பேர் சொன்ன நேரமும் ஒத்து வராவிட்டால் முந்திய நேரத்தையே நம்புங்கள்.

கடைசி பஸ் எதுவென்று தெரிந்துகொள்வது, அதில் வராமல் இருப்பதற்காக. கடைசி பஸ் பழுதாகி நின்றால் அன்றைக்கு வேறு பஸ் இல்லை. நிரம்பி வந்தாலும் ஏறித்தான் ஆக வேண்டும். இரண்டரை மணி நேரம் நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். அதற்கு முந்திய பஸ்ஸை உங்கள் பஸ்ஸாக வைத்துக்கொள்ளுங்கள். அது தவறினால் கைக்காவலாக இன்னொன்று இருக்கும்.

அந்த நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். பஸ் வெளிக்கிட ஒன்றரை மணி நேரத்துக்கு முன் எல்லோரும் தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்க வேண்டும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் கரையேற்றிக் கணக்கெடுக்க 10 நிமிடம். நல்ல தண்ணீரில் உப்பையும் மணலையும் கழுவி உடுப்பு மாற்ற, ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 35 நிமிடம். நடந்து பஸ் நிலையம் போக 15 நிமிடம். இருக்கை பிடிக்க 30 நிமிடம். இந்தக் கடைசி 30 நிமிடத்தைத்தான் ஆட்கள் கடலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். குளித்துக் களைத்த பிள்ளையை நிற்கவைத்து ஒட்டுசுட்டான் காடு கடந்து வருவது பயணத்தின் சந்தோசம் முழுவதையும் எடுத்துவிடும்.

உதாரணமாக, உங்கள் பஸ் 2 மணிக்கு என்றால் 12.30க்குக் கரையேற வேண்டும். காலை 5.30க்கு வவுனியாவில் ஏறினால் 8.30 அளவில் கடலில் நிற்கலாம். இரண்டு மணி நேரக் குளிப்பு, நிழலில் சாப்பாடு, வெளிக்கிடுமுன் கால் நனைக்கிற ஆசைக்குக் கொஞ்ச நேரம். இது போதும். காலை 10 மணிக்கும் பின்னேரம் 3 மணிக்கும் இடையில் எங்கள் கடற்கரைகளில் வெயில் தோலை எரித்துவிடும். ஈரம் இருப்பதால் எரிவது தெரியாது, இரவில்தான் முதுகு சொல்லும். ஆகவே விடியவே போய் மத்தியானம் திரும்புவது பஸ்ஸுக்கும் நல்லது, பிள்ளைகளுக்கும் நல்லது. பின்னேரக் கடல் வேண்டும் என்பவர்கள் அங்கே இரவு தங்க இடம் பார்த்துக்கொண்டுதான் போக வேண்டும்.

பாதை பற்றி. வவுனியாவிலிருந்து முல்லைத்தீவுக்கு இரண்டு வழி. ஏ-9 வீதியால் மாங்குளம் போய், அங்கிருந்து ஏ-34 வீதியில் ஒட்டுசுட்டான், முள்ளியவளை ஊடாக ஒன்று. புளியங்குளத்தில் திரும்பி நெடுங்கேணி ஊடாக ஒட்டுசுட்டான் போவது மற்றது. ஏறுமுன் எந்த வழியால் போகிற பஸ் என்று கேளுங்கள். கிளிநொச்சிக்காரருக்குப் பரந்தன் சந்தியால் திரும்பும் ஏ-35: தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல் பாலம், முல்லைத்தீவு.

இந்த வரைபடத்தை மனதில் வைத்திருந்தால் பஸ் தவறினாலும் பயமில்லை. முல்லைத்தீவிலிருந்து வவுனியாவுக்கு நேரடி பஸ் இல்லை என்றால் மாங்குளத்துக்கோ பரந்தனுக்கோ போகும் எதிலும் ஏறுங்கள். இரண்டும் ஏ-9 சந்திகள். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கும் மற்ற ஊர்களுக்கும் ஓடும் பஸ்கள் அந்த வீதியால் இரவிரவாகப் போகின்றன. வவுனியாவில் இறங்க இடம் கேட்டு ஏறலாம். மாங்குளம் கிட்ட, பரந்தன் சுற்று. ஆனால் பின்னேரம் 5 மணிக்கு உங்கள் கண்முன்னே நிற்பது பரந்தன் பஸ் என்றால் மாங்குளம் பஸ்ஸுக்காகக் காத்திராமல் அதிலேயே ஏறிவிடுவதுதான் புத்தி. நடுவில், ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடையில், “அங்க போனா வேற பஸ் கிடைக்கும்” என்ற எண்ணத்தில் இறங்கவே கூடாது. பொழுதுபட்டபின் அந்தப் பக்கம் யானை வீதிக்கு வரும்.

இருக்கை பிடிக்கும்போது ஒரு சின்ன விசயம். வவுனியாவிலிருந்து ஏ-9 வழியே வடக்கே போகையில் காலை வெயில் வலப்பக்கம் அடிக்கும். திரும்பித் தெற்கே வருகையில் பின்னேர வெயிலும் வலப்பக்கமே. ஆகவே போகவும் வரவும் இடப்பக்கம் இருங்கள். பரந்தன் வழியால் போகிற கிளிநொச்சிக்காரருக்கு இது நேர்மாறு: இரண்டு நேரமும் வலப்பக்கம்தான் நிழல். பயணத்தில் சத்தி எடுக்கும் பிள்ளைகளை முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் இருத்துங்கள், குலுக்கல் குறைவு. வெளிக்கிடுமுன் பால் கொடுக்க வேண்டாம், ஒரு பணிஸ் போதும். கையில் தேசிக்காய் ஒன்று, கிழியாத ஷொப்பிங் பை இரண்டு.

நாள் பார்ப்பதிலும் கவனம் வேண்டும். சனியும் ஞாயிறும் ஒன்றல்ல. ஞாயிறு ஓட்டம் பெரும்பாலும் இன்னும் குறைவு. வைகாசி விசாகத்தையொட்டி வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் பொங்கல் நாட்களில் முல்லைத்தீவுப் பாதை முழுவதும் அடியார்கள். கடலுக்கென்று குடும்பத்தோடு அப்போது வெளிக்கிட வேண்டாம். மே 18ஐ ஒட்டிய நாட்கள் அந்தக் கரைக்கு அழுகையின் நாட்கள். பஸ்ஸில் வருகிறவர்கள் தங்கள் ஆட்களுக்கு விளக்கேற்ற வருகிறவர்கள். அவர்களுக்கு இருக்கையையும் கரையையும் விட்டுக்கொடுப்பதுதான் முறை. ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு முன் மன்னார்ப் பாதை நிறைந்துவிடும்.

மன்னாருக்குப் போக விரும்புகிறவர்கள் வவுனியாவிலிருந்து ஏ-30 வழியாகப் பறயனாளங்குளம் போய், ஏ-14இல் முருங்கன் ஊடாக மன்னார் சேரலாம். மன்னார்த் தீவின் தனிச்சிறப்பு அதற்கு இரண்டு கடல் இருப்பது. வடக்கே பேசாலைப் பக்கம் பாக்கு நீரிணை. தெற்கே தாழ்வுபாட்டுப் பக்கம் மன்னார் வளைகுடா. சோளகக் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை தெற்குக் கடல் எழும்பும், வடக்குக் கடல் அடங்கியிருக்கும். வாடைக்காலத்தில் இது மாறும். ஆகவே காற்றைப் பார்த்துக் கரையைத் தெரிவு செய்யுங்கள். தலைமன்னார் இறங்குதுறை வரைக்கும் 2015 மார்ச்சில் மறுபடி ரயில் ஓடத் தொடங்கியதால் சிலர் அதை நம்புகிறார்கள். வவுனியாக்காரர் அதற்கு முதலில் தெற்கே மதவாச்சிக்குப் போய் மாற வேண்டும். அந்த ரயில்களின் நேரமும் கொழும்புப் பயணிக்காக அமைந்தது. ஒரு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது. மன்னார் நகரிலிருந்து தலைமன்னாருக்கு மேலும் 30 கிலோமீற்றர் அளவு இருப்பதால், வவுனியாவிலிருந்து போகிறவர்கள் நகரை அண்டிய கரையோடு நிற்பது நல்லது. தலைமன்னாரை முருங்கன், உயிலங்குளம் பக்கத்தார் பார்த்துவரட்டும்; அவர்களுக்கு அது லேசான பயணம்.

இனி மூட்டை. வானில் போவதுபோலக் கட்டினால் பஸ்ஸில் அவதிதான். ஐந்து பேருக்கு ஒரு பகலுக்குக் குடிக்க மட்டும் 10 லீற்றர் தண்ணீர் வேண்டும். அது 10 கிலோ. அதை வவுனியாவிலிருந்து சுமக்க வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு 1 லீற்றர் போத்தலும், வெறுமையான 5 லீற்றர் கான் ஒன்றும் கொண்டுபோய், முல்லைத்தீவு நகரில் சுத்திகரித்த தண்ணீர் நிரப்பிக்கொண்டு கரைக்கு இறங்குங்கள். கடலோரக் கிணறு கழுவ உதவும், எல்லாக் கிணறும் குடிக்க உதவாது. தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற ஜீவனி உப்புத்தூள் பைக்கற் இரண்டு பையில் இருக்கட்டும்.

சாப்பாட்டில் தேங்காய்ப்பால்தான் எதிரி. விடிய 4 மணிக்குச் சமைத்துச் சூட்டோடு கட்டிய சொதியும் பால்கறியும் 11 மணிக்குப் புளித்துவிடும். தேங்காய்ப்பூப் போட்ட புட்டும் அப்படித்தான். புளிச்சாதம், பொரித்த முட்டை, கருவாட்டுப் பொரியல், ஈரமில்லாமல் வறுத்த உருளைக்கிழங்கு, இவை மத்தியானம் தாண்டியும் நிற்கும். சோறு ஆறியபிறகே கட்டுங்கள். சூட்டோடு மூடினால் ஆவி வியர்த்துச் சோறு சளிந்துவிடும். வாட்டிய வாழையிலையில் கட்டினால் திரும்பும்போது சுமக்கவும் ஒன்றுமில்லை, கரையில் குப்பையும் இல்லை. வற்றாப்பளை அம்மனைக் கும்பிட்டு வர நினைக்கிறவர்கள் காலையில் போகும் வழியிலேயே அதை முடித்துவிட வேண்டும். கடல் குளித்து மீன் சாப்பிட்டபின் வாசலுக்குப் போக எங்கள் ஆட்கள் மனம் ஒப்பமாட்டார்கள்.

துவாய் ஆளுக்கு ஒன்று வேண்டாம். பழைய பருத்திச் சாரம் இரண்டு போதும், துவட்டவும் மறைத்துப் பிடித்து உடுப்பு மாற்றவும் உதவும். ஈர உடுப்புக்குக் கழுவிய அரிசிப் பை ஒன்று. ஈர உடுப்போடு பஸ்ஸில் ஏறாதீர்கள். அடுத்து இருப்பவருக்கு இடைஞ்சல் என்பதோடு, உப்பு ஈரத்தில் மூன்று மணி நேரம் இருந்தால் தொடை இடுக்கு உரசிப் புண்ணாகும். மாற்றுடுப்பை ஆளாளாகத் தனிப் பையில் கட்டி வையுங்கள். கரையில் மூட்டையைக் கிண்டித் தேடுவதில்தான் அந்த 35 நிமிடம் ஒரு மணி நேரமாகிறது. சில்லறையும் சிறிய தாள்களும் வெளிப் பையில்.

கடலைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். முல்லைத்தீவுக் கடல் கிழக்கே வங்காள விரிகுடாவைப் பார்த்தது. நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றில் அது குளிக்கிற கடல் அல்ல. டிசெம்பர் விடுமுறையில் கரையில் நின்று பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். சித்திரையிலும் ஓகஸ்டிலும் கடல் படுத்துக் கிடக்கும். ஆபத்து அந்த அமைதிக்குள்ளேதான் இருக்கிறது. சோளகக் காலத்தில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும். கரையோரம் அலை அடங்கி வாவிபோலத் தெரியும். பிள்ளையைக் காற்றடைத்த டியூப்பில் இருத்தி விட்டால் அந்தக் காற்று டியூப்பை மெல்ல மெல்ல வெளியே தள்ளும். கொஞ்சத் தூரம் போனபிறகு நீந்திப் பிடிக்க முடியாமல் போய்விடும். ஆகவே டியூப், பந்து, காற்று மெத்தை ஒன்றும் கடலுக்குள் வேண்டாம். கரைமணலில் விளையாடட்டும்.

இழுவை நீரோட்டத்தைக் கண்டுகொள்ள வழி உண்டு. தண்ணீரில் இறங்குமுன் 10 நிமிடம் கரையில் நின்று பாருங்கள். இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரைக்க, நடுவில் ஒரு துண்டு மட்டும் உடையாமல் இருண்டு கிடக்கும். நுரையும் கலங்கல் மணலும் அதன் வழியே கடலுக்குள் போகும். பழக்கமில்லாதவர் “இதுதான் அமைதியான இடம்” என்று அங்கேதான் இறங்குவார். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வாய்க்கால் அது. அதில் அகப்பட்டால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். களைத்துப்போவதுதான் ஆளைக் கொல்கிறது. மிதந்து கையைத் தூக்கி உதவி கேளுங்கள். நீந்தத் தெரிந்தவர் கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் அலையோடு கரைக்கு வரலாம். நீந்தத் தெரியாதவருக்கு எல்லை முழங்கால். இடுப்பு அல்ல, முழங்கால். வட்டுவாகலிலும் நாயாற்றிலும் நீரேரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் எவரும் இறங்கக்கூடாது. வற்று நீர் வடியும்போது அந்த இழுப்பு நல்ல நீச்சல்காரரையும் கொண்டுபோகும்.

உடுப்பும் உயிர் விசயம். சேலையும் நீளப் பாவாடையும் நனைந்தால் காலைச் சுற்றும். சாரமும் அப்படியே. ஜீன்ஸ் நனைந்தால் இழுத்து அமுக்கும். பெண்களுக்கு இறுக்கமான நீளக் காற்சட்டையும் முழங்கை மறைக்கும் ரீசேட்டும் போதும். துப்பட்டா கரையில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு நீலமும் வெள்ளையும் வேண்டாம், கடலில் கண்ணுக்குத் தெரியாது. செம்மஞ்சள் அல்லது கடும் மஞ்சள் போடுங்கள். இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர், அவர் கடல் பக்கம் நிற்க வேண்டும், கையில் தொலைபேசி இல்லாமல். குடித்தவர் ஒருவர் குழுவில் இருந்தால் அவர் கரையில் மூட்டைக்குக் காவல் இருக்கட்டும்.

அந்த 5 லீற்றர் கான் இப்போது இரண்டாவது வேலைக்கு வரும். தண்ணீர் முடிந்ததும் மூடியை இறுக்கிப் பூட்டி, கைப்பிடியில் 20 மீற்றர் நைலோன் கயிற்றைக் கட்டி வையுங்கள். உள்ளே ஒரு தேத்தண்ணிக் கோப்பை அளவு தண்ணீர் விட்டால் எறியும்போது காற்றில் திரும்பாமல் போகும். மூழ்குகிறவர் அதை நெஞ்சோடு அணைத்தால் தலை மேலே நிற்கும். காப்பாற்றப் பாய்ந்தவரும் சேர்ந்து போன சாவுகள் எங்கள் கரைகளில் நடந்திருக்கின்றன. பாயாதீர்கள், எறியுங்கள். கரையேற்றிய ஆளைத் தலைகீழாகத் தூக்குவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும் பிழை. நேரம் போகும், வாந்தி மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். மல்லாத்திப் படுக்கவைத்து, மூச்சில்லை என்றால் வாயோடு வாய் வைத்து ஐந்து முறை ஊதி, பின் நெஞ்சின் நடுவில் 30 அமுக்கலுக்கு இரண்டு ஊதல் என்று நிறுத்தாமல் தொடருங்கள். மற்றவர் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்கட்டும்.

சொறிமுட்டை (ஜெலி மீன்) பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் விடாதீர்கள். ஒட்டியிருக்கும் நஞ்சு அறைகள் வெடித்து வலி கூடும். கடல்நீரால் கழுவி, ஒட்டிய இழைகளை அட்டைத் துண்டால் எடுத்து, தாங்கக்கூடிய சுடுதண்ணீரில் 20 நிமிடம் வையுங்கள். மன்னாரின் ஆழமில்லாத கரையில் மணலுக்குள் திருக்கை புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் நிலத்தோடு அரக்கி அரக்கி நடந்தால் அது விலகிப் போய்விடும்.

கரையிலிருப்போருக்கு நாம் விருந்தாளிகள் என்பதும் நினைவில் இருக்க வேண்டும். கரைவலை இழுக்கும் பாட்டில் இரண்டு கயிற்றுக்கும் நடுவே குளிக்கக்கூடாது. வலை வளைத்த மீன் கலையும், அவர்களின் ஒரு நாள் உழைப்பு போகும். உழவு இயந்திரத்தால் இழுக்கும் இடத்தில் விறைத்த கயிற்றைத் தாண்டவே வேண்டாம், அறுந்தால் காலை முறிக்கும். மீனவர் வாடிகளின் நிழலில் இருக்க முன் ஒரு வார்த்தை கேளுங்கள், மறுக்கமாட்டார்கள். கண்ணிவெடி அபாயத்தைக் காட்டும் மண்டையோட்டுச் சிவப்புப் பலகை உள்ள பக்கம் ஒதுங்கப் போகாதீர்கள். மணலில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் பிள்ளைகள் தொடக்கூடாது; கண்ட இடத்தை நினைவில் வைத்து, வந்த காலடியிலேயே திரும்பி, 119 பொலிசுக்குச் சொல்லுங்கள்.

இவ்வளவையும் ஒரு குடும்பம் தன் கையால் செய்துகொள்ளலாம். செய்ய முடியாதவை சில இருக்கின்றன. அவற்றைப் பொறுப்பானவர்களிடம் இக்கடிதம் மூலம் கேட்கிறோம். முல்லைத்தீவு பஸ் நிலையத்திலும் கடற்கரைக்கு இறங்கும் இடத்திலும், வவுனியா, மாங்குளம், பரந்தன், கிளிநொச்சி ஆகிய நான்கு இடங்களுக்கும் அன்றைய கடைசி இரண்டு பஸ்களின் நேரம் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகை வேண்டும். கரும்பலகையும் சோக்குமே போதும். பெயின்ற் அடித்த பலகை நேரம் மாறினபின் ஆட்களை ஏமாற்றும். ஏப்ரல், ஓகஸ்ட் விடுமுறைச் சனிக்கிழமைகளில் பின்னேரம் 5 மணிக்கு வவுனியாவுக்கு ஒரு பஸ் நிச்சயமாக ஓடும் என்று இ.போ.ச.வோ தனியார் சங்கமோ அறிவித்தால், இன்றைக்கு வானைத் தேடுகிற குடும்பங்கள் அதை நிரப்பும். நிச்சயம் என்ற சொல்தான் முக்கியம். ஒரு சனி ஓடி மறு சனி நின்றால் எவரும் நம்பமாட்டார்கள். கரையோரம் பெண்கள் உடுப்பு மாற்றப் பூட்டக்கூடிய அறைகள் நான்கு, நல்ல தண்ணீர்க் குழாய், சுத்தமான மலசலகூடம் வேண்டும். கட்டணம் வைக்கட்டும், கொடுப்போம். ஆனால் திறப்பு யாரிடம் என்று தேடித் திரியும் நிலை வேண்டாம். முகத்துவாரங்களில் எச்சரிக்கைப் பலகையும், குளிக்கும் கரையில் கயிறு கட்டிய மிதவை தொங்கும் இரண்டு கம்பமும் நட வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறோம், ஆசிரியரே. விடுமுறைக் காலத்தில் வெள்ளிக்கிழமைப் பத்திரிகையில் ஒரு கையளவு பெட்டி ஒதுக்குங்கள். முல்லைத்தீவு, மன்னார் இரண்டிலிருந்தும் சனிக்கிழமை திரும்பும் கடைசி இரண்டு பஸ்கள், எந்த வழியால், எங்கிருந்து வெளிக்கிடும். எட்டு வரி போதும். அதை வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

இங்ஙனம்,
வாசகர் சிலர்,
வவுனியா.